சாம்பிள் பக்கம்

"ஒரே ஒரு பக்கந்தானுங்க அம்மிணி. சும்மா சாம்பிளுக்கு. புடிச்சுப் போச்சுன்னா கேட்லாக் மொத்தமும் உங்களுக்குத்தானுங்க" என்று தேனொழுகச் சொன்னார் முதலாளி சதீஷ்குமார்.

மெஹ்ஜபின் தாளை வாங்கிப் பார்த்தாள். வீட்டில் இருந்தபடியே பிரெஞ்சு மொழிபெயர்ப்பு செய்கிறவள். இந்தப் பனியன் கம்பெனிக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"சாம்பிளுக்குக் கூலி உண்டுங்களாண்ணா?"

"அதுக்கு யாருங்க கூலி குடுப்பாங்க? நானே சரக்கு வாங்கற பையருக்கு வருசம் நூறு பனியன் சாம்பிளுக்குச் சும்மாதான் அனுப்பறேன். தொழில் முறை அதுதானுங்களே!"

பக்கத்து மேசையில் பாண்டியம்மாள் பையருக்குப் போக வேண்டிய சாம்பிள் பனியன்களில் டப் டப்பென்று சீல் குத்திக்கொண்டிருந்தாள். மெஹ்ஜபின் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"சரிங்கண்ணா. முறைப்படியே செஞ்சு தர்றேன்."

அவள் தலை மறைந்ததும் சதீஷ்குமார் கைகளைத் தேய்த்துக்கொண்டார். கல்லிலே நார் உரிக்கிற மனிதர். கேட்லாக் மொத்தம் ஐந்து பக்கம். ஐந்து மொழிபெயர்ப்பாளர்களைப் பிடித்து, ஆளுக்கொரு பக்கம் சாம்பிள் கேட்டாயிற்று. ஒரே கல்லில் ஐந்து மாங்காய்!

"ஏனுங்க மொதலாளி, போன்லயே மொழிபெயர்த்துக்கலாமுங்களே?" என்றார் மேனேஜர் செந்தில்வேல்.

"போன வருசம் அப்படிப் பண்ணித்தானய்யா அந்தப் பாரிஸ்காரன் உழுந்து உழுந்து சிரிச்சான்? இந்த ஆர்டரும் போச்சுன்னா பாதி மெசினை நிறுத்த வேண்டியதுதான். இனி போனை நம்ப மாட்டேன்."

மூன்றே நாளில் ஐந்து பக்கமும் வந்து சேர்ந்தன. அடுக்கிப் பார்த்த செந்தில்வேல் தலையைச் சொறிந்தார்.

"எல்லாப் பக்கத்துலயும் அடியில ஒரே வரி வருதுங்களே?"

"அஞ்சு பேரும் ஒண்ணுபோல எழுதியிருக்காங்கன்னா, அது பிரெஞ்சுக்காரங்க வழக்கமா இருக்கும். அந்த வரியைப் பெருசாப் போடச் சொல்லு. தங்கக் கலர்ல!"

கேட்லாக் ஜொலிஜொலிப்பாக அச்சாகிப் பாரிஸுக்குப் பறந்தது. பத்தாம் நாள் பிரெஞ்சில் பதில் வந்தது. சதீஷ்குமாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதை மெஹ்ஜபினுக்கு அனுப்பிவிட்டு உடனே போன் போட்டார்.

"நாலே வரிதானுங்க அம்மிணி. அப்படியே வாயில சொல்லிருங்க."

அவள் நிதானமாகப் படித்தாள். "'துணி அருமை. ஐம்பதாயிரம் பீஸ் வாங்க ஆசைப்பட்டோம்.'"

சதீஷ்குமாரின் முகம் தாமரையாய் மலர்ந்தது.

"'ஆனால் நீங்கள்தான் எதையும் தருவதாக இல்லையென்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறீர்களே! வெள்ளிக்கிழமைக்குள் மனம் மாறினால் எழுதுங்கள். இல்லாவிட்டால் பல்லடத்தில் வேறு கம்பெனி பார்த்துக்கொள்கிறோம்.'"

"தர மாட்டேன்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்று அலறினார்.

"அஞ்சு பக்கத்துலயும் சொல்லியிருக்கீங்களேண்ணா, அதுவும் தங்கக் கலர்ல. நாங்க அஞ்சு பேரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்புங்க. சாம்பிளுக்கு உங்க கம்பெனியில என்ன முறையோ, அதையேதான் நாங்களும் செஞ்சோம். பதில் எழுதணும்னா சொல்லுங்க, இந்தத் தடவை சாம்பிள் கிடையாது."

டப்! டப்!

சதீஷ்குமார் மெல்லத் திரும்பினார். பாண்டியம்மாளின் மேசைமேல் கிடந்த பனியனில், அப்போதுதான் குத்திய சீல் ஈரம் காயாமல் இருந்தது: 'சாம்பிள் மட்டும். விற்பனைக்கு அல்ல.'