ஹார்ட் டிஸ்க்கில் வெட்டிய பெயர்

இசக்கியப்பனுக்கு ரிப்பேர் பார்க்கிறவர்கள் எல்லோருமே திருடர்கள்தான். தி.நகரில் நாற்பது வருஷமாகப் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறவர், மகனுடைய பழைய கம்ப்யூட்டரை மயிலாப்பூர்க் கடைக்குக் கொண்டுபோகுமுன் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, மூடியில் தன் பெயரை வெட்டிவிட்டார்.

கடைக்காரி ஹம்சினி சிரித்துவிட்டாள். “மாமா, இதென்ன சீர்வரிசைக் குடமா?”

“நீ மாத்திப்புட்டா நான் யார்ட்டப் போயி நிக்க?”

மகன் சங்கரபாண்டி வீட்டை விட்டுப் போய் இருபத்திரண்டு வருஷம். செத்திருப்பான் என்று ஊரே சொல்லியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. போகிற இடத்தை அந்தக் கம்ப்யூட்டரில் எழுதிவைத்திருப்பான் என்று நம்பினார்.

டிஸ்க் சுற்றவில்லை. உள்ளே தகட்டைப் படிக்கிற முள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லி, அவர் கண்முன்னாலேயே கம்பெனி ஒட்டிய சீல் ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்தாள் ஹம்சினி. கண்ணாடிபோல் பளபளத்த தகட்டில் புள்ளிப் புள்ளியாக எழுத்து இருந்தது: ‘சங்கரபாண்டி நினைவாக’.

“என்ன வேல பாத்து வச்சிருக்க நீ?”

“நானா? ஸ்டிக்கரை இப்பத்தான் பிரிச்சேன். நீங்களும் பார்த்துண்டுதானே இருந்தேள்!”

அவர் குனிந்து பார்த்தார். சுழியும் வளைவும் அவர் கை வெட்டியவைதான். துக்க வீட்டுக்காரர்களுக்கு ஆயிரம் டம்ளரில் ‘நினைவாக’ என்று வெட்டியிருக்கிறார். மகனுக்கு ஒருநாளும் வெட்டியதில்லை.

பெயருக்குக் கீழே, வழக்கம்போல், இறந்த தேதி இருந்தது. இந்த வருஷத்துத் தேதி. அது வருவதற்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

“அப்ப பய இன்னைக்கு உசுரோட இருக்கான்,” என்றார் இசக்கியப்பன். “சீக்கிரம் ஓட வை தாயி. எங்க இருக்கான்னு பாக்கணும்.”