சதுக்கத்தில் அழுதவள்

மன்னாரில் அம்மா இறந்தபோது, பிலோமினா வேலை செய்த வெளிநாட்டு வீட்டுக்காரி அவளுக்கு லீவு தரவில்லை. "பிள்ளைங்கள யார் பாத்துக்கறது? இங்கயே செபம் பண்ணு."

அடுத்த மாதம் அந்நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவரான கர்தினால் சாகக் கிடந்தார். ஊரே கடையடைத்தது. வீட்டுக்காரி பிலோமினாவையும் தேவாலயச் சதுக்கத்துக்குக் கூட்டிப்போனாள்.

கூட்டம் முழங்காலிட்டுச் செபமாலை சொல்லத் தொடங்கியதும் பிலோமினா, "அம்மா, அம்மா" என்று தமிழில் வாய்விட்டு அழுதாள். முன்பின் தெரியாத பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். "எங்க வேலைக்காரிக்கே எவ்வளவு பக்தி பாருங்க" என்று வீட்டுக்காரி பூரித்தாள்.

அழுது தீர்ந்து பிலோமினா முகத்தைத் துடைத்தபோது துக்க மணி அடித்தது. கர்தினால் இறந்துவிட்டார். சதுக்கமே கதறியது. பிலோமினா எழுந்தாள்.

வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"ஏன் நிறுத்திட்ட? இப்பதான் அழணும்."