முதல் பனி

"கண்ணை மூடிட்டே கார்லேர்ந்து இறங்குங்கப்பா. நான் சொன்னதும் ஓபன் பண்ணுங்க. அம்மா, நீங்களும்தான்!"

ரெனிஷ் கேம்கார்டரைத் தூக்கிப் பிடித்தான். நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் அம்மாவும் முதன்முதலாகப் பனியைப் பார்க்கும் முகம் அவனுக்கு வேண்டும். ஏப்ரல் பிறந்துவிட்டது; பனி உருகிவிடும். அதைவிட அவசரம், சான் ரமோனில் இருக்கும் தங்கை ஜெஸ்மி முந்திவிடக் கூடாது.

"இப்ப!"

"யேசப்பா, என்னா வெள்ளை!" என்றார் அப்பா தாமஸ். அம்மா யூனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரெனிஷ் பூரித்துப்போனான். அப்பாவுக்கு ஸ்கீ மாட்டி, குழந்தைகள் சறுக்கும் மேட்டில் நிறுத்தினான். இரண்டு முறை விழுந்தவரைத் தாங்கித் தூக்கினான்.

"கேமராவைப் பிடிங்கம்மா. பாத்ரூம் எங்கன்னு யார்கிட்டயாவது கேட்டுட்டுப் போய்ட்டு வரேன்."

"கேக்கவே வேண்டாம் மக்ளே. சூப் கடைக்குப் பின்னால, இடது பக்கம்" என்றார் தாமஸ்.

யூனிஸ் அவரை முறைத்தாள்.

"ஜெஸ்மி ஏற்கெனவே கூட்டிட்டு வந்துட்டாளா?"

"போன வாரம். அவகிட்ட ஒண்ணும் கேட்டுராதே மக்ளே" என்றாள் யூனிஸ். "அவளும் நாங்க முதல் தடவையா பாக்கோம்னுதான் நெனச்சிட்டிருக்கா."

"அப்ப உண்மையான முதல் தடவை?"

"பிப்ரவரில, சர்ச் வேன்ல. நீயும் ஜெஸ்மியும் ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வர ராத்திரி ஒம்பது ஆயிருதே. அதுக்குள்ள வந்துருவோம். மொத்தம் நாலு தடவை."

"அப்போ இனி நான் விழ வேண்டாம், இல்லியா?" என்று கேட்டுவிட்டு, தாமஸ் முழங்காலை மடக்கி அழகாகச் சறுக்கிக்கொண்டு இறங்கினார்.