எண்ணெய் வைத்த தலை

கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அந்தத் தண்டையார்பேட்டை மாடி அறையின் ஜன்னல் நடுங்குகிறது. ஏழ்மை பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை எப்படித் தொடுகிறது என்று ஆராய, வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு பிறந்த பேட்டைக்கே திரும்பியிருக்கும் ஜெஸ்லின், ஒயர்கள் தொங்கும் குட்டித் தொப்பியோடு நிற்கிறாள். எதிரே ரமாபாயின் மடியில் அவளுடைய எட்டு மாத மகன் பகலவன். எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, படிய வாரிவிட்ட தலை வெயிலில் பளபளக்கிறது. அந்தப் பிசுக்கு இருந்தால் தொப்பி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யாது. "தலைய அலசணும்மா," என்கிறாள் ஜெஸ்லின். ரமாபாய் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். "ஐய, தெரியாம வச்சிட்டேன் டாக்டரம்மா. வறட்டுத் தலையோட இட்டுகினு வந்தா, புள்ளைய பாத்துக்க ஆளில்லன்னு நெனிச்சிக்குவீங்களேன்னுதான்."

ஜெஸ்லினே வெந்நீர் ஊற்றி அலசுகிறாள். உச்சிக்குழி அவள் உள்ளங்கைக்குள் துடிக்கிறது. நுரையோடு தேங்காயெண்ணெய் வாசனை எழும்புகிறது. சின்ன வயதில், அடுத்த தெருவில், அப்பாவின் அரிசிக் கடையின் பின்கட்டில், அவள் உச்சியில் சூடு பறக்கத் தேய்த்த அம்மாவின் விரல்கள். இன்று கடையும் இல்லை, அம்மாவும் இல்லை. எண்ணெய் போன பிறகும் அவள் அலசிக்கொண்டேயிருக்கிறாள். துண்டோடு காத்திருக்கும் ரமாபாய், குனிந்திருக்கும் ஜெஸ்லினின் தலையையே பார்க்கிறாள். "உன் தலை இன்னாம்மா இப்டிக் காஞ்சி கீது? வூட்ல ஆருமில்லியா?" அம்மாக்களிடம் கேள்வி கேட்டே பழகியவள் இன்னொரு குவளை வெந்நீரை மொண்டு ஊற்றுகிறாள். பிள்ளையின் ஈரத் தலையிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.