தலை போன தவளை

குளக்கரையில் குறுக்கெழுத்துக் குறிப்பு எழுதும் போட்டி நடந்தது. கொடுத்த சொல் ‘வளை’. நடுவர் தவளை.

எலி எழுதிய குறிப்பு இது: ‘தலை போன தவளைக்குள் எலி குடியிருக்கும்.’

தவளைக்குத் தொண்டை புடைத்தது. “யார் தலைய்யா போகணும்?”

“ஐயோ, உங்க தலை இல்லீங்க! ‘தவளை’ங்கிற சொல்லில் முதல் எழுத்தை எடுத்துட்டா ‘வளை’. நான் குடியிருக்கிறது அதுலதானே?”

“விளக்கம் சொன்னாத்தான் புரியும்னா அது என்ன குறிப்பு? என் தலையை விட்டுட்டுத் தெளிவா எழுது.”

எலி ‘எலியின் வீடு’ என்று மாற்றியது.

“எந்த எலி? எங்கே வீடு? படிச்ச உடனே விடை தெரியணும்.”

பரிசாக வைத்திருந்த தேங்காய்ச் சில்லை எலி ஒரு முறை பார்த்தது. பிறகு எழுதியது: ‘தாழம்புதருக்குப் பக்கத்தில், சிவப்புக் கல்லுக்கு அடியில் நான் குடியிருக்கும் இடம்.’

“அப்படிப் போடு!” என்ற தவளை, முதல் பரிசைக் கொடுத்துவிட்டு, குறிப்பைக் குளக்கரை முழுக்கக் கேட்கும்படி வாசித்தது.

எலி தேங்காய்ச் சில்லைக் கவ்விக்கொண்டு துள்ளித் துள்ளி வீட்டுக்குப் போய் வளைக்குள் தலையை நீட்டியது.

உள்ளேயிருந்து பாம்பு கேட்டது: “விடை சரிதானே?”