ஏரிக்கரைத் தூண்

புயல் போன மூன்றாம் நாள் காலை, பாகூர் ஏரிக்கரையில் செயற்கைக்கோளைக் கேட்டு இடம் அளக்கும் நிலையத்தில் கணுக்கால் சேறு. கவிழ்த்த சட்டிபோலிருந்த வெள்ளை ஆன்டெனா முட்டையோடாய் நொறுங்கிக் கிடக்கிறது. அதைத் தாங்கிய சிமெண்டுத் தூண் மட்டும் நிற்கிறது. ஏரிமண்ணை நம்பாமல், சொன்னதற்கு மேல் இரண்டடி தோண்டிப் போன வருஷம் கொத்தனார் சுப்பராயலு நிறுத்திய தூண். அசைந்திருந்தால் இடித்துவிடுவார்கள். நேற்று பொருத்திய மாற்று ஆன்டெனாவின் கணக்கை இன்ஜினியர் கல்பனா லேப்டாப்பில் பார்க்கிறாள். "போன வருஷத்துலேந்து தூண் அஞ்சு சென்டிமீட்டர் தள்ளியிருக்கு, சுப்பராயலுண்ணா." கான்ட்ராக்டர் ஜெகநாதன் திரும்புகிறார். "இன்னாய்யா சுப்பராயலு, மலைமாரி நிக்கும்னியே?" சுப்பராயலுவின் கை மண்வெட்டி தாழ்கிறது. கல்பனா சிரிக்கிறாள். "இருங்க சார். நம்ம நாடே வருஷத்துக்கு அவ்ளோ வடகிழக்கா நகருது. ஏரி, கோயில், கரும்புக்கொல்லை எல்லாந்தான். தூணும் கூடவே போயிருக்கு. தனியா ஒரு நூல்கூட அசையல. இடிக்க வேணாம்." ஈரத் தூணில் வெயில் மின்னுகிறது. ஏரியில் அலையில்லை, ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நிற்கிறது. சேற்றில் புதைந்த தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்த சுப்பராயலு, மெல்லக் கை நீட்டித் தூணைப் பிடித்துக்கொள்கிறார்.