பார்வையால் அடக்கியவன்

பூமியில் பிறந்த எந்த மிருகமும் தன் பார்வைக்கு அடங்கியே தீரும் என்பது மாத்தளை பிரதீஷின் அசைக்க முடியாத கொள்கை. எல்கடுவ மலையில் குதிரைச் சவாரிக்கு வந்தவன், ஏறுவதற்கு முன் சிட்டு என்ற அந்தக் குதிரையை ஒரு நிமிடம் முழுதாக முறைத்தான். சிட்டு அசையவில்லை.

“பாத்தீங்களா, அடங்கிருச்சு!”

“ஆமாங்க சார்” என்றாள் வழிகாட்டி நிரஞ்சனி. கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தவள், வழியெல்லாம் குதிரையிடம் பேசிக்கொண்டே போனாள். “சிட்டு, கல்லு இருக்கு, காலத் தூக்கு தங்கம். இப்ப மேடு.”

“குதிரைக்குப் போயி ரேடியோ மாதிரி செய்தி வாசிக்கிறீங்களே, வெக்கமா இல்ல? கயித்த எங்கிட்டக் குடுத்துட்டுப் பின்னால வாங்க.”

“சார், அது வந்து...”

“மூச்! நான் பார்வையிலயே கொண்டு போறேன்.”

ஒற்றையடிப் பாதையில், இடப்பக்கம் அடி தெரியாத பள்ளம் தொடங்கிய இடத்தில் சிட்டு நின்றுவிட்டது. பிரதீஷ் குதிரை மேலிருந்தபடியே எட்டிக் குனிந்து அதன் கண்ணை முறைத்தான். பலனில்லை.

“ஏன் நிக்குது?”

“அதுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்க சார். இந்த மாதிரி எடத்துல பாதையச் சொன்னாத்தான் நடக்கும்.”

“அப்ப சொல்லுங்க!”

“பின்னால இருந்து எனக்கு ஒண்ணும் தெரியல. முன்னுக்கு வரவும் எடமில்ல.”

பிரதீஷ் பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தான். தொண்டையை மெல்லச் செருமிக்கொண்டான்.

“சிட்டு... இடப்பக்கம் பள்ளம். வலப்பக்கமா வா. கல்லு இருக்கு, காலத் தூக்கு தங்கம்.”